பழைய கேமராவைப் பல் பார்த்து விலை போடுவது எப்படி?

போன ஆடியில் பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, நிக்கான் டி5600 ரெண்டு லென்ஸோட வெச்சிருக்கறனுங்க. குடுத்துட்டு ஃபுல் ஃபிரேமுக்கு மாறலாம்னு இருக்கறனுங்க. எவ்வளவுக்குங்ணா போகும்?"

"நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

"52க்கு வாங்கினனுங்க. 45ஆவது வந்தாச் சரிங்க."

கோபிச்செட்டிபாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம், காது குத்து, கோயில் விழா என்று பல வருடமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அந்தத் தம்பியிடம் இரண்டு மூன்று நாள் போனில் பேசியதையும், அப்புறம் நேரில் உட்கார்ந்து பார்த்ததையும் வரிசைப்படுத்தி எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இருப்பது எவ்வளவுக்குப் போகும், புதியதற்கு மாறலாமா. (ஃபுல் ஃபிரேம் என்றால் சென்சார், அதாவது படம் பதியும் தகடு, பெரிதாக உள்ள கேமரா. டி5600-இல் இருப்பது அதைவிடச் சின்னது, அதைக் கிராப் சென்சார் என்போம்.) முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் புதிய கேமராவின் விலை என்பது கடையில் ஒட்டியிருக்கும் விலை இல்லை. பழையதைக் கொடுத்தது போக நாம் மேலே போடுகிற பணம்தான் அதன் விலை. அந்த மேல் பணத்துக்கு என்ன படம் கூடுதலாகக் கிடைக்கப் போகிறது என்பதுதான் கடைசியில் பார்க்க வேண்டியது.

வாங்கிய விலையை ஓரமாக வையுங்கள்

எனக்குத் தெரிந்து விற்கப்போகிற எல்லோரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது. 52 ஆயிரம் கொடுத்து வாங்கினோம், பத்திரமாக வைத்திருந்தோம், அதனால் 45 வர வேண்டும் என்று மனது சொல்லும். வாங்க வருகிறவர் இன்றைக்கு அதே வேலையைச் செய்கிற கேமரா புதிதாக எவ்வளவுக்குக் கிடைக்கிறது, செகண்ட் ஹேண்டில் எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பார். நாம் அன்றைக்குக் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டியையும் அவர் திருப்பித் தரப்போவதில்லை. 2018 கடைசி வரைக்கும் கேமராவுக்கு 28 சதவீத வரி இருந்தது, 2019 ஜனவரியில்தான் 18 ஆனது. அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்கு விலையில் ஏற்பட்ட பள்ளம் இன்னும் பெரியது.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிஎஸ்எல்ஆர் என்பது டி5600 போல உள்ளே கண்ணாடி வைத்த கேமரா, அந்தக் கண்ணாடி இல்லாதது மிரர்லெஸ். 2018-இல் மிரர்லெஸ்ஸுக்கென்று நிக்கான் இசட் மவுண்ட்டையும் கேனான் ஆர்எஃப் மவுண்ட்டையும் கொண்டுவந்தன (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்). இரண்டு கம்பெனிகளும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் வெளியிட்டது 2020-இல்தான் கடைசி. அதற்குப் பிறகு வந்தது எல்லாமே மிரர்லெஸ். கல்யாணத்துக்கு எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக மாற மாற, அவர்களுடைய பழைய பாடிகள், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராக்கள், எல்லாம் சந்தைக்கு வருகின்றன. சரக்கு நிறைய வந்தால் விலை இறங்கத்தானே செய்யும். உங்கள் கேமராவில் குறை இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. வாங்குகிற பக்கம் நிற்கிறவருக்கோ இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

பிரித்துப் போட்டு விலை பாருங்கள்

தம்பியிடம் இருந்தது பாடி, கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸ், 70-300 லென்ஸ், இரண்டு பேட்டரி, ஒரு பை, ஒரு டிரைபாட், இரண்டு மெமரி கார்டு. மொத்தமாக 45 என்று சொன்னால் வாங்குகிறவருக்கு எதற்கு எவ்வளவு என்று தெரியாது. நமக்கே தெரியாது. ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சந்தையில் கேட்கிற விலையை எழுத வேண்டும். ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், நமது மாவட்ட போட்டோகிராபர் வாட்ஸ்அப் குழுக்கள் மூன்றிலும் இரண்டு வாரம் பாருங்கள். அங்கே தெரிவது கேட்கிற விலை, கொடுத்த விலை இல்லை. ஒரே பாடியை மூன்று மாதமாக 30 ஆயிரம் என்று போட்டு வைத்திருக்கிறவரின் விலையை அடித்துவிடுங்கள், அந்த விலைக்கு ஆள் வரவில்லை. இரண்டு மூன்று நாளில் காணாமல் போகிற விளம்பரம்தான் உண்மை விலைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த மாதிரி ஐந்தாறு எண் கிடைத்தால் போதும். கோவையில் காந்திபுரம் பக்கம் செகண்ட் ஹேண்ட் எடுக்கிற கடைகளில் ஒன்றிரண்டில் கேட்டு, அவர்கள் எடுத்துக்கொள்ளும் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் மேலே லாபம் வைத்து விற்க வேண்டும், வாரண்டி கொடுக்க வேண்டும், அதனால் குறைத்துத்தான் கேட்பார்கள். அந்த எண் உங்களுக்குத் தரை. தனி ஆளுக்கு விற்றால் அதற்கு மேலே கொஞ்சம் கிடைக்கும்.

இப்படிப் பார்த்ததில் தம்பியின் பாடிக்கு 16 ஆயிரம், 70-300 லென்ஸுக்கு 5 ஆயிரம், கிட் லென்ஸுக்கு 2 ஆயிரம் என்று வந்தது. எண்களை வட்டமாக்கிச் சொல்கிறேன், நீங்கள் படிக்கிற மாதத்தில் இது மாறியிருக்கும். கணக்குப் போடுகிற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பை, டிரைபாட், கார்டு மூன்றுக்கும் அவர் மனதில் 5 ஆயிரம் போட்டு வைத்திருந்தார். அதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. சீக்கிரம் விற்க மட்டும் அவை உதவும். கார்டைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எழுதி முடித்தபின் பாருங்கள், பாடியின் விலை வேகமாக இறங்கியிருக்கும், நல்ல லென்ஸின் விலை மெதுவாகத்தான் இறங்கியிருக்கும். கிட் லென்ஸ் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் அதற்கு மதிப்பு குறைவு. புதிதாகச் சேர்க்கிற பணத்தை எதில் போடலாம் என்பதற்கும் இந்த நோட்டே பாதி பதில் சொல்லிவிடும்.

பல் பார்ப்பது

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் விலையைக் கேட்டவுடன் பதில் சொல்வதில்லை. வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பார். கேமராவுக்கும் அதே வரிசைதான்.

கேமராவுக்குப் பல் என்பது ஷட்டர் கவுண்ட். இதுவரை எத்தனை முறை ஷட்டர் திறந்து மூடியிருக்கிறது என்ற எண். கம்பெனிகள் ஒவ்வொரு மாடலின் ஷட்டரையும் இத்தனை முறை வரை சோதித்திருக்கிறோம் என்று ஓர் அளவு சொல்கின்றன. டி5600, டி3500 போன்றவற்றுக்கு 1 லட்சம். டி7200, டி750, கேனான் 5டி மார்க் 3, மார்க் 4 ஆகியவற்றுக்கு ஒன்றரை லட்சம். டி850, சோனி ஏ7 மூன்றாம் மாடல் போன்றவற்றுக்கு 2 லட்சம். அந்த எண்ணைத் தொட்டவுடன் ஷட்டர் உடைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதைத் தாண்டி வருடக்கணக்கில் ஓடுகிற பாடிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முக்கால்வாசி ஓடிவிட்ட பாடி என்றால், ஷட்டர் மாற்றுகிற செலவை சர்வீஸ் சென்டரில் கேட்டு, அதில் ஒரு பங்கை விலையில் கழிக்கச் சொல்வது நியாயம்.

நிக்கானில் இந்த எண்ணை எடுப்பது சுலபம். கேமராவில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அது பதிந்திருக்கும், படத்தின் உள்விவரங்களை முழுக்கக் காட்டும் மென்பொருளில் பார்க்கலாம். ஒரு விஷயம் கவனம்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், எடிட் செய்யாத படமாக இருக்க வேண்டும். கேனானில் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களின் படத்தில் இந்த எண் இருக்காது. யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்துத் தனி மென்பொருளில்தான் பார்க்க முடியும், சில மாடல்களில் அதுவும் கடினம். படத்தின் பெயரில் இருக்கும் எண்ணைக் காட்டி "4,500 கிளிக்தான் ஆகியிருக்கு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் 9999 ஆனதும் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அதை நம்ப வேண்டாம்.

பல் வயதைச் சொல்லும், கறவையைச் சொல்லாது. முழுக்க வீடியோவுக்கு ஓடிய பாடியில் ஷட்டர் கவுண்ட் மிகக் குறைவாக இருக்கும். மண்டபத்தில் நாள் முழுக்க வீடியோ ஓடியிருக்கும், எண் மட்டும் 8 ஆயிரம் காட்டும். அப்படிப்பட்ட பாடியில் எச்டிஎம்ஐ துளையில் கேபிளை மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் தெரிந்துவிடும். அதேபோல் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தால், அது வீட்டில் சும்மா இருந்த கேமரா இல்லை, தினம் உழைத்த கேமரா. உழைத்ததில் தப்பில்லை. "வீட்டு உபயோகம் மட்டும்" என்று சொல்லிவிட்டு அப்படி இருந்தால்தான் விற்கிறவர் சொல்லும் மற்றதையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கேமராக்களில் தேட வேண்டியவை

பொதுவான சோதனைகள் எங்கேயும் கிடைக்கும். நம் பக்கத்துக்கென்றே சில உண்டு, அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் பொருள் படம் எடுக்க ஓடிய கேமராக்களில் பஞ்சுத் தூசி இருக்கும். அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) முறையில் வைத்து, எஃப் 16 (எண் பெரிதானால் துளை சின்னது), ஐஎஸ்ஓ 100 (எண் கூடினால் இருட்டிலும் எடுக்கலாம், ஆனால் படம் மணல் மணலாகும்), மேனுவலில் ஃபோக்கஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ ஒரு படம் எடுங்கள். அதைப் பெரிதாக்கி ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்திப் பாருங்கள். சாதாரண தூசி மங்கலான வட்டப் புள்ளியாகத் தெரியும். பஞ்சு மயிரிழை போல வளைந்து நெளிந்து தெரியும். இரண்டும் சென்சார் சுத்தம் செய்தால் போய்விடும், அந்தச் செலவை மட்டும் கழித்தால் போதும். சுத்தம் செய்த பிறகும் போகாத கோடு என்றால் கீறல், அந்தப் பாடி வேண்டாம். 2012-இல் வந்த நிக்கான் டி600 மாடலில் சென்சாரில் புள்ளிகள் சேருவது பரவலாகவே இருந்தது, 2014-இல் கம்பெனியே இலவசமாக ஷட்டர் மாற்றித் தர முன்வந்தது. அந்த மாடல் குறைந்த விலைக்கு வந்தால், ஷட்டர் மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள்.

மாரியம்மன் பண்டிகையில் மஞ்சள் நீராட்டு எடுத்த கேமராக்கள் நம் பக்கம் நிறைய. பொத்தான்களைச் சுற்றியுள்ள இடுக்கு, திரை மடியும் மூட்டு, பிடியின் ரப்பர் விளிம்பு ஆகிய இடங்களில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே துடைத்துவிடலாம், இடுக்கில் போனது போகாது. கறை இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரி அறையைத் திறந்து, உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் ஃபங்கஸ். தாராபுரம், காங்கயம் பக்கம் வெயிலும் காற்றும் காய்ந்து கிடக்கும், லென்ஸ்கள் நன்றாகத் தாங்கும். வால்பாறை, ஊட்டி, பொள்ளாச்சியின் மேற்குப் பக்கம் ஆனி ஆடி மழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும். அங்கே பையிலேயே மூடி வைத்திருந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. ஒரு 70-200 லென்ஸ் நல்ல விலைக்கு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பேக்கரி வாசலில் வைத்து வாங்கினேன், ட்யூப் லைட் வெளிச்சத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வீட்டில் வந்து போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தபோதுதான் உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வேர் மாதிரி கிளை விட்டிருந்தது தெரிந்தது. சுத்தம் செய்த பிறகும், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறியது. பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தது, அது திரும்பாது.

அதனால் லென்ஸை இப்படிப் பாருங்கள். இரண்டு மூடியையும் கழற்றுங்கள். போன் டார்ச்சை ஒரு பக்கம் வைத்து, நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கேனான் இஎஃப் லென்ஸ் கழற்றியபோது திறந்தே இருக்கும். நிக்கான் ஜி வகை லென்ஸில் பின்புறம் ஒரு சின்ன லீவர் இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். அந்த லீவரை விட்டதும் அப்பர்ச்சரின் இதழ்கள் பட்டென்று மூட வேண்டும். மெதுவாக மூடினாலோ, இதழில் எண்ணெய் பளபளத்தாலோ சர்வீஸ் செலவு இருக்கிறது. உள்ளே நாலைந்து தூசி இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. வேரோ சிலந்தி வலையோ போல இருந்தால் விட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. எல்லாப் பொத்தானையும் சக்கரத்தையும் ஒருமுறை இயக்குங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து, மேசையில் சாய்த்த செய்தித்தாளின் ஒரு வரியில் ஃபோக்கஸ் செய்து, அந்த வரிதான் கூர்மையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கேனானின் சில மாடல்களில் பேட்டரியின் உடல்நிலையை மூன்று கட்டமாகக் காட்டும், மூன்றும் பச்சையாக இருந்தால் நல்லது, ஒரே ஒரு சிவப்பு என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பில், பெட்டி, திருட்டு

பாடிக்கு அடியில் இருக்கும் சீரியல் எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாத கேமரா எல்லாம் திருட்டுக் கேமரா என்று சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது இருக்கும், அதற்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி இருக்காது, அந்த அளவுக்கு விலை குறைய வேண்டும். ஆனால் பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை, சார்ஜரும் இல்லை, எங்கே வாங்கினது என்று கேட்டால் பதில் நழுவுகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும்.

வாங்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் மாடல், சீரியல் எண், விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, விற்கிறவரின் அடையாள அட்டை நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். விற்கிறவராக இருந்தால், பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை உங்கள் போனில் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் போடுகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதும் தேவையில்லை.

மாறலாமா வேண்டாமா

சரி, தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். "ஏன் மாறணும்?" என்று கேட்டேன். "மண்டபத்துல நைட்டு எடுத்தா மணல் மணலா வருதுங்ணா" என்றார்.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் இது உண்மையான கஷ்டம். இணைச்சீர் உள்ளிட்ட சீர்கள், அதாவது கல்யாணச் சடங்குகள், பல இரவில் நடக்கின்றன, முகூர்த்தம் விடியலுக்கு முன்னால் வருகிறது. சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் சீர் செய்யும்போது சுற்றி உறவுக்காரர்கள் நெருக்கி நின்று வெளிச்சத்தை மறைப்பார்கள். அவர் எடுத்த 200 படங்களை லேப்டாப்பில் திறந்து உட்கார்ந்தோம். தோற்றுப்போன படங்களை மட்டும் ஒதுக்கி, ஏன் தோற்றது என்று பிரித்தோம். இந்த வேலையை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள், ஒரு மணி நேரம்தான் ஆகும்.

பாதிக்கு மேல் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400. அதாவது கிட் லென்ஸை 50 எம்எம் பக்கம் இழுத்து வைத்து எடுத்தவை. அந்த இடத்தில் எஃப் 5.6-க்கு மேல் அந்த லென்ஸ் திறக்காது. அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் போட்டிருந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். 6400 இருந்த இடத்தில் ஐஎஸ்ஓ 800 போதும். கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவதால் கிடைப்பது பொதுவாக இரண்டு மடங்குக்குச் சற்று மேல். மணல் மணலாக வருவதற்குப் பெரிய காரணம் அவருடைய லென்ஸ், பாடி இல்லை.

அடுத்து மேல் பணத்தைக் கணக்குப் போட்டோம். அவர் பார்த்து வைத்திருந்த டி750 பாடி 48 ஆயிரம். அவரிடம் இருந்த லென்ஸ்கள் கிராப் சென்சாருக்கானவை. அவற்றை ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டினால் கேமரா நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும். அதனால் லென்ஸ் புதிதாக வேண்டும், செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல ஜூம் 25 ஆயிரம். பேட்டரி வகையும் வேறு, கூடுதலாக ஒன்று வாங்க வேண்டும். இருப்பதை விற்றால் 23. மொத்தத்தில் மேலே 50 ஆயிரத்துக்கு மேல் போட வேண்டும். இன்னொரு பக்கம், 50 எம்எம் எஃப் 1.8 ஜி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் 9 ஆயிரம், ஒரு ஃபிளாஷ் 6 ஆயிரம். 15 ஆயிரத்தில் அவருடைய தோற்ற படங்களில் முக்கால்வாசி சரியாகிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை: டி5600, டி3500 வரிசையில் பாடிக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று, தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பறவை எடுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. வெள்ளோடு, நஞ்சராயன் குளம், சூலூர் ஏரி என்று போகிறவர்களுக்குத் தேவை தூரம். கிராப் சென்சாரில் 300 எம்எம் லென்ஸ் 450 போலக் காட்டும். ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் அது 300 ஆகவே நிற்கும், கொக்கு இன்னும் சின்னதாகத் தெரியும். அவர்கள் பணத்தை நீள லென்ஸில் போட வேண்டும்.

பாடியை மாற்றியே ஆக வேண்டிய காரணமும் ஒன்று உண்டு, அதை நான் அழுத்திச் சொல்வேன். மற்றவர் கல்யாணத்துக்கு முதன்மைப் படக்காரராகப் பணம் வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால், இரண்டு கார்டு போடும் பாடி வேண்டும். டி5600-இல் ஒரே இடம்தான். கார்டு கெட்டுப்போனால் தாலி கட்டிய படமே இருக்காது, அந்தக் குடும்பத்துக்கு அதை எந்தக் காசும் ஈடு செய்யாது. டி7200, டி750, சோனி ஏ7 மூன்றாம் மாடல், கேனான் ஆர்6 போன்றவற்றில் இரண்டு இடம் உண்டு. விலையைப் பார்த்து மிரர்லெஸ்ஸுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள், கேனான் ஆர்பி, நிக்கான் இசட்6 முதல் மாடல் இரண்டிலும் ஒரே இடம்தான். தம்பி இன்னொருவருக்கு உதவியாக இரண்டாவது கேமரா எடுக்கிறவர் என்பதால் அவருக்கு இந்த அவசரம் இல்லை.

பிராண்டுக்குள்ளேயே மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் பழைய லென்ஸை விற்கும் முன், அதைப் புது மவுண்ட்டில் மாட்ட உதவும் அடாப்டர் போட்டுப் பாருங்கள். கேனான் இஎஃப் லென்ஸ்கள் ஆர் வரிசைப் பாடிகளில் அடாப்டரோடு நன்றாக வேலை செய்கின்றன. நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் ஏஎஃப்-எஸ் லென்ஸ் ஃபோக்கஸ் ஆகும், ஏஎஃப்-டி ஆகாது.

இன்னும் முடிவு வரவில்லை என்றால் வாடகைக்கு எடுங்கள். மேல் பணம் 50 ஆயிரம், நாள் வாடகை 2 ஆயிரம் என்றால் 25 நாள். ஒரு வருடத்தில் உங்களுக்கு அந்தப் பாடி நிஜமாகவே தேவைப்படும் நாட்கள் எத்தனை என்று போன வருட டைரியை எடுத்து எண்ணுங்கள். பத்து நாள்தான் வருகிறது என்றால் வாடகையே போதும். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டுடியோ என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: 1,18,000 ரூபாய் பில்லில் 18 ஆயிரம் வரி, அதைத் தொழிலுக்கான உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது புதியதற்கும் பழையதற்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும், புதியது வாங்குவதே லாபமாக இருக்கலாம். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எந்த மாதம்

ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் இல்லை. கையில் காசு இறுகுகிற மாதங்கள், அதனால் பாடிகளும் லென்ஸ்களும் அப்போதுதான் விற்பனைக்கு அதிகம் வருகின்றன. வாங்குகிறவர் அந்த மாதங்களில் தேட வேண்டும். விற்கிறவர் ஆவணி, தை பிறக்கும் முன்பு கடைசி இரண்டு வாரத்தில் விளம்பரம் போட வேண்டும், முகூர்த்தத்துக்குக் கேமரா தேடுகிறவர்கள் அப்போது வருவார்கள். இஎம்ஐ-யில் வாங்குகிறவர்கள் தவணை தேதியைப் பார்க்கும்போது இந்த மூன்று மாதத்தையும் மனதில் வையுங்கள். அந்த மாதங்களின் தவணையை முன்பே தனியாக எடுத்து வைக்க முடியாது என்றால் அந்தக் கடன் வேண்டாம்.

தம்பி கடைசியில் பாடியைக் கொடுக்கவில்லை. 50 எம்எம் லென்ஸ் ஒன்றைக் கோவையில் பார்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார், நானும் கூடப் போனேன். காலை பத்து மணி வெயிலில், லென்ஸை வானத்துக்குக் காட்டி, பின் லீவரைத் தள்ளிப் பிடித்து, ஒரு நிமிடம் முழுக்க அவரே பார்த்தார். "தூசி ரெண்டு இருக்குதுங்க, வேரு இல்லீங்க" என்றார். 9 சொன்ன இடத்தில் 8,500-க்கு முடிந்தது.

ஒருவேளை நீங்கள் விற்கிற முடிவுக்கு வந்திருந்தால், கொடுப்பதற்கு முந்தின இரவு செய்ய வேண்டியது: கேமராவுக்குள் உங்கள் பெயர் பதிந்திருந்தால் அழியுங்கள், போன் இணைப்பை நீக்குங்கள், எல்லா அமைப்பையும் ரீசெட் செய்யுங்கள், கார்டைக் கழற்றிவிட்டீர்களா என்று இரண்டாவது முறையும் பாருங்கள். பில்லின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கொடுங்கள். பையில் போட்டிருந்த சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைப் புதிதாக மாற்றி வையுங்கள், வாங்கிப் போகிறவர் வால்பாறைக்காரராக இருந்தால் அவருக்கு அது தேவைப்படும்.